கல்வராயன் மலைக் குழந்தைகளும் கள்ளக்குறிச்சிக் கல்லூரியும்

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்து, 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டின் வேறு பத்துக் கல்லூரிகளோடு சேர்த்துத் திறந்துவைக்கப்பட்டபோது, இந்த வட்டாரத்துப் பெற்றோருக்கு உண்டான ஆறுதல் சாமானியமானதன்று. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாகத் தலையெடுத்த பிரதேசம் இது. அதற்கு முன்னெல்லாம், மூச்சுத் திணறும் குழந்தையையோ நாள் நிறையாமல் பிறந்த சிசுவையோ மார்போடு அணைத்துக்கொண்டு, முண்டியம்பாக்கத்துக்கும் சேலத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடியவர்கள் இங்குள்ளோர். இப்போது பெரிய கட்டடம் வந்துவிட்டது. பேராசிரியர்களும் மாணவர்களும் வந்துவிட்டார்கள். ஆனால், ஒரு மருத்துவக் கல்லூரியின் குழந்தை நலத்துறை என்பது கட்டில்களும் கருவிகளும் மட்டும் அன்று. சிகிச்சை, போதனை, ஆராய்ச்சி என்னும் மூன்று கடமைகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து நடக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர் தகும். கள்ளக்குறிச்சியைப் பொறுத்தமட்டில் அந்த மூன்றுக்கும் உரைகல் ஒன்றே என்பது என் திடமான அபிப்பிராயம்: மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் பிறக்கும் குழந்தை, சமவெளியில் பிறக்கும் குழந்தையைப் போலவே பிழைத்து வளர்கிறதா என்பதே அது.

மலைக் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் இந்தக் கடமை மற்றத் துறைகளைவிடக் குழந்தை மருத்துவத்துக்கு ஏன் அதிகம் பொருந்துகிறது என்று சிலர் கேட்கக்கூடும். வளர்ந்தவனுடைய வியாதி அவன் உடம்போடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறது. குழந்தையின் வியாதியிலோ பாதி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. தாயின் உடல்நிலை, அடுப்பங்கரை, குடிதண்ணீர், அப்பன் வேலைக்குப் போயிருக்கும் தூரம், பாட்டி சொல்லும் பத்தியம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்துதான் குழந்தையின் நோய்க்குக் காரணமும் பரிகாரமும் ஆகின்றன. சென்ற தலைமுறையில் தமிழ்நாட்டுக் குடும்பங்களைக் கலங்கவைத்த ஈரல் நோய் ஒன்று உண்டு; ஒன்று இரண்டு வயதுக் குழந்தையின் வயிறு மெல்லப் புடைத்து, ஈரல் கல்லாக இறுகி, மஞ்சள் பாய்ந்து, சில மாதங்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். அந்தக் காலத்துப் பெற்றோர் ஜம்மி வெங்கடரமணய்யாவின் ஈரல் மருந்தைத் தேடிச் சென்னைக்கு ஓடியதை இன்றும் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவப் பேராசிரியராக விளங்கி, எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒரு கல்வி நிலையமாக வளர அஸ்திவாரம் இட்டவரும், 1973இல் வெளிவந்து மாணவர் தலைமுறைகளை வளர்த்த பாடநூலின் கர்த்தாவுமான டாக்டர் எஸ்.டி. ஆச்சார் இந்த நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தார். ஈரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் பலர். ஆயினும் காரணம் சட்டென்று பிடிபடவில்லை. பின்னர் 1983இல், புனே நகரத்து மருத்துவர்களும் ஸ்டூவர்ட் டேனர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் சேர்ந்து, குழந்தைக்கு ஊட்டும் மாட்டுப்பாலை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுகிறீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலிருந்தும் செம்புப் பாத்திரத்திலிருந்தும் பாலில் ஊறி இறங்கும் தாமிரத்தின்மீது சந்தேகத்தை நிலைநிறுத்தினார்கள். எவர்சில்வர் பாத்திரம் அடுப்பேறிய வீடுகளிலிருந்து அந்த நோயும் பெரும்பாலும் விடைபெற்றது. வார்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தால் அந்தக் கேள்வி எவர் வாயிலும் வந்திராது.

இன்னொரு உதாரணத்தையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், அது மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தது. சளியும் இருமலுமாக வரும் குழந்தையைக் கண்டால், பயிற்சி பெற்ற செவிலியர் முதலில் செய்வது மிகவும் எளிய காரியம். சட்டையை மேலே தூக்கிவிட்டு, தாய் மடியிலேயே குழந்தையை அமைதியாக இருத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுகிறார். இரண்டு மாதம் நிறையாத சிசுவானால் 60, ஒரு வயதுக்குள் இருந்தால் 50, ஐந்து வயதுக்குள் இருந்தால் 40 என்ற எல்லையை மூச்சு எட்டிவிட்டதா, மூச்சிழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிகிறதா என்ற இரண்டே கேள்விகளில் நிமோனியாவின் அபாயம் தெரிந்துவிடும். ஸ்டெதஸ்கோப்போ எக்ஸ்ரேயோ வேண்டியதில்லை. இந்த முறைக்கு அடிப்படையான ஆராய்ச்சியைப் பாப்புவா நியூகினியின் மலைநாட்டில் உள்ள கொரோக்கா ஆஸ்பத்திரியில், ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும் நடத்தி 1984இல் வெளியிட்டார்கள். டாக்டர் இல்லாத மலைக்கிராமத்தில் எந்தக் குழந்தைக்கு மருந்து போதும், எந்தக் குழந்தையை உடனே கீழே அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாடம் எதிர்ப்பட்ட சங்கடம். அந்தச் சங்கடத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்; உலக சுகாதார நிறுவனம் அந்த வழியைத் தழுவிக்கொண்டது; இன்று கல்வராயன் மலை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியர் அதே கணக்கைத்தான் எண்ணுகிறார். ஒரு மலைநாட்டின் இடர்ப்பாடு உலகத்துக்கே பாடமாகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதை, வளைவுக்கு மேல் வளைவாகச் சுழன்று செல்கிறது. கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, மாவடிப்பட்டு என்று பெயர் சொல்லக்கூடிய ஊர்களுக்கு அப்பால், ஓடைகளுக்கு அக்கரையிலும் சரிவுகளின் மடியிலும் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் அநேகம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியதாகச் சொல்லும் ஐதிகம் உடையவர்கள்; பேசுவதும் தமிழே. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும், 1976 வரையில் இந்த மலை ஜாகீர்தார்களின் ஆட்சிக்குள் இருந்தது என்பதும், வெட்டிவேலை என்னும் கூலியில்லா உழைப்பு அங்கே நெடுங்காலம் நிலவியது என்பதும் சமவெளியில் உள்ளவர்களில் பலர் அறியாத செய்தி. அவ்வளவு காலம் பிந்தி அரசாங்கத்தின் கண்ணில் பட்ட மக்களுக்குப் பள்ளியும் பாதையும் வைத்தியமும் பிந்தியே வந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலை என்றாலே சாராய ஊறலைப் பற்றி மட்டும் பேசுகிற பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்ட நிலையில், அங்குள்ள குழந்தைகளைப் பற்றியும் பேசவேண்டிய கட்டாயத்தை அந்த விசாரணையாவது உண்டாக்கியது.

தமிழ்நாட்டின் சிசு மரணக் கணக்கு நமக்குப் பெருமை தருவதுதான். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஓராண்டு நிறையுமுன் இறக்கும் குழந்தைகள் இந்தியா முழுவதற்கும் ஆயிரத்துக்கு 28 ஆக இருக்க, இங்கே 13 ஆக இருந்தனர். ஆயினும் சராசரி என்பது உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் ஒன்றாகக் கரைத்துவிடும் தன்மை உடையது. மலையின் மீது உள்ள சில ஆயிரம் குடும்பங்களின் துக்கம் மாநிலக் கணக்கில் தசம ஸ்தானத்தைக்கூட அசைக்காது. அதனாலேயே அந்தத் துக்கத்தைத் தனியாக எண்ணி, தனியாக எழுதிவைக்கும் பொறுப்பு அருகில் இருக்கும் கல்லூரியைச் சார்கிறது.

வார்டில் நடப்பதைச் சற்று உற்றுப் பார்த்தால் போதும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினாலும், "சொல்லாமல் சென்றுவிட்டார்" என்ற பொருள்பட ஒரு வரியோடு முடிகிற ஏடுகள் சில அகப்படும். அந்த வரி குற்றத்தைத் தாய்மீது சுமத்திவிட்டு நிம்மதி அடைகிறது. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகளை யார் பொறுப்பிலோ விட்டுவிட்டு வந்தவள் அவள்; கணவன் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான்; கையில் இருந்த காசு பஸ்ஸுக்கும் டீக்கும் கரைந்துவிட்டது; குழந்தைக்கு என்ன செய்கிறார்கள், இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று அவளிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை; சொன்னவர்களும் "ஏம்மா, இந்தா, அங்க போய் நில்லு" என்று ஒருமையில் விரட்டியவர்கள். அவள் ஓடிப்போகவில்லை, நாம்தான் அவளை நிறுத்திவைக்கத் தவறினோம். மலையாளித் தாயை "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்று முதலாண்டு மாணவனுக்குக் கற்பிக்காத போதனை, எத்தனை நூல்களைக் கரைத்துப் புகட்டினாலும் பூரணமாகாது.

சிகிச்சையிலேயே மலைக்கென்று தனியாகச் சிந்திக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. எடை குறைந்து பிறந்த சிசுவை மலையிலிருந்து கீழே கொண்டுவரும் பயணத்தில் அதனுடைய முதற் சத்துரு குளிர். ஆம்புலன்ஸ் வளைவுகளில் இறங்கி வரும் நேரமெல்லாம் துணியில் சுற்றித் தனியே கிடத்திய குழந்தையின் உடல் சில்லிட்டுப்போனால், வார்டில் காத்திருக்கும் வார்மரும் மருத்துவரும் பாதி தோற்ற யுத்தத்தைத்தான் தொடங்க நேரிடும். தொப்பியும் காலுறையும் மாட்டி, வெற்றுடம்போடு தாயின் மார்பில் நிமிர்த்திச் சேர்த்துக் கட்டிவிட்டால், அந்த மார்புச் சூடே குழந்தையைக் காக்கும். கங்காரு முறை என்று பெயர் பெற்ற இதனை 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர மருத்துவர்கள், இன்குபேட்டர்கள் போதாத நெருக்கடியில் கைக்கொண்டார்கள். பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று டில்லி உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்த பரிசோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. சிசு மரணம் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிசுவைத் தாயிடமிருந்து பிரித்துக் கண்ணாடிக்குள் வைப்பதே உயர்ந்த வைத்தியம் என்றிருந்த எண்ணத்தை அந்த ஆராய்ச்சி மாற்றியது. வெள்ளிமலையில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கும், ஆம்புலன்ஸில் வரும் உதவியாளருக்கும், கூடவரும் பாட்டிக்கும் இதைக் கைப்பழக்கமாக்குவது கல்லூரியின் வேலை. அதற்குக் கட்டடம் தேவையில்லை. கற்றுக்கொடுக்க ஒருவர் மலையேறினால் போதும்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் தொலைவுக்குப் போக வேண்டாம். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தில் உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவருடைய மனைவி டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்ததாகவும், பின்னாளில் அது இருபதுக்கு அருகே இறங்கியதாகவும் அவர்கள் தொடங்கிய நிறுவனமே பதிவு செய்திருக்கிறது. இந்த மாறுதலை இரண்டு டாக்டர்கள் தனியாகச் சாதித்துவிடவில்லை. மலையாளிப் பெண்களையே தேர்ந்தெடுத்து, நாடி பார்க்கவும் பிரசவம் பார்க்கவும் சிசுவை எடைபோடவும் எப்போது உதவிக்கு அழைக்க வேண்டும் என்று தீர்மானிக்கவும் பழக்கினார்கள். குடிசைக்குள் நம்பிக்கையோடு நுழையக்கூடியவர்கள் அந்தப் பெண்களே. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களைக் கொண்டே பச்சிளங்குழந்தைகளை வீட்டில் வைத்துக் காத்து, அந்த அநுபவத்தை முறையான ஆராய்ச்சியாக 1999இல் வெளியிட்டபோது, அது பின்னர் தேசத் திட்டமாகவே விரிந்தது. தனி மனிதர்களின் தியாகத்தால் இவ்வளவு ஆகுமானால், அரசாங்கத்தின் சம்பளமும் கட்டடமும் வண்டியும் உடைய ஒரு கல்லூரியால் ஆகாதென்று சொல்ல நியாயம் இல்லை.

போதனையின் விஷயத்தில் விதிகளே நமக்கு வழிவிட்டிருக்கின்றன. பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மாவட்ட அளவிலான பொது சுகாதார அமைப்பில் மூன்று மாதம் பணியாற்ற வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. இளநிலை மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கவனிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. இவை இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் கல்லூரிப் பஸ் பத்து நிமிஷத்தில் போய்த் திரும்பக்கூடிய சாலையோர ஊரிலேயே தத்தெடுப்பு நடந்தால், அதன் நோக்கம் பாதியில் நின்றுவிடும். மாணவர்களில் ஒரு பகுதியினருக்காவது மலைக் குடும்பங்கள் ஒதுக்கப்பட வேண்டும். ஒரே குழந்தையைப் பிறந்த மாதத்திலும், தவழும் பருவத்திலும், அங்கன்வாடிக்குப் போகும் பருவத்திலும் கண்டு, மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பினாலும் புரதம் தராது என்பதை அந்தக் குழந்தையின் எடைக் கோட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் மாணவன், பிறகு எந்த ஊருக்குப் போனாலும் வேறு மாதிரி வைத்தியனாக இருப்பான். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதியை ஒதுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக இருப்பதும், அத்தகைய ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்ததும் நமக்குப் பெரிய அநுகூலம். மலையில் பணியாற்றிய டாக்டர் கீழே வந்து குழந்தை மருத்துவம் பயின்று, மீண்டும் அந்த மலைக்குப் பொறுப்பேற்கும் வட்டம் இதனால் சாத்தியமாகிறது.

ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது எச்சரிக்கையாகவே சொல்ல விரும்புகிறேன். பழங்குடி மக்களின் இரத்தத்தை எடுத்துச் சென்று, கட்டுரை எழுதி, பதவி உயர்வு பெற்று, முடிவு என்ன என்று அந்த மக்களிடம் ஒரு வார்த்தைகூடத் திரும்பிச் சொல்லாமல் விடுகிற ஆராய்ச்சி எனக்குச் சம்மதமில்லை. ஒரு குழந்தையைச் சோதிக்குமுன் தாய்க்கும் தகப்பனுக்கும் புரியும் பேச்சில் விளக்கி, மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டென்பதையும் சொல்லி, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, முடிவை ஊர் மந்தையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வர வேண்டும். கேட்கத்தக்க கேள்விகளுக்கோ பஞ்சம் இல்லை. சென்ற ஆண்டு மலையில் இறந்த ஒவ்வொரு சிசுவும் எங்கே, எந்த மணி நேரத்தில், எந்தத் தாமதத்தால் இறந்தது? காய்ச்சல் கண்ட குழந்தை முதல் வைத்தியரிடம் வந்து சேர எத்தனை நாள் ஆகிறது? பெற்றோர் வெளிமாநிலத் தோட்டங்களுக்குப் போகும் பருவத்தில் தடுப்பூசித் தவணை எங்கே அறுபடுகிறது? சிறு வயதிலேயே மணமாகித் தாயாகும் பெண்ணின் குழந்தை எவ்வளவு எடையோடு பிறக்கிறது? மலைக்குழந்தைகளின் சோகைக்கு இரும்புச் சத்துக் குறைவு எவ்வளவு காரணம், குடற்புழு எவ்வளவு காரணம், பரம்பரை இரத்தக் கோளாறு எவ்வளவு காரணம்? இவற்றுக்கு விடை காண விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம். தராசும் நோட்டும் பொறுமையும், ஆண்டுகள் கடந்து விடாமல் எழுதிவரும் சிரத்தையும் வேண்டும். பட்டமேற்படிப்புக்கு எழுதும் ஆய்வேடு எப்படியும் கட்டாயமானதுதான். அந்த உழைப்பு அலமாரியில் தூசி படியாமல் மலைக்குப் பயன்படட்டுமே.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும் என்பதை அறிவேன். அது பொய்யான பதிலும் அன்று. இரவு பகலாக வார்டையும் பச்சிளங்குழந்தைப் பிரிவையும் கவனிக்கும் சில டாக்டர்களைப் பார்த்து மலையும் ஏறுங்கள் என்று உத்தரவு போடுவது அநியாயம். ஆகவே, மலைப் பணிக்கென்றே கூடுதல் பணியிடங்களை அரசு மஞ்சூர் செய்ய வேண்டும். வெள்ளிமலையில் பெண் மருத்துவர்களும் அச்சமின்றித் தங்கக்கூடிய குடியிருப்பு வேண்டும். மலையேறக்கூடிய வண்டி வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் அதிகாரிகள், மலையில் கழித்த மாதங்களையும் எண்ண வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய தாய்மார் சுகாதார நிலையத்தருகே முன்கூட்டியே வந்து தங்கும் அறைகளில், அவர்களோடு வரும் சிறு பிள்ளைகளுக்கும் சோறும் இடமும் கிடைக்கச் செய்ய வேண்டும். அது இல்லாமல் எந்தத் தாயும் வந்து தங்கமாட்டாள்.

இவ்வளவும் வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. மலையிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை குணமாகி வீடு திரும்பும்போது, என்ன நோய், என்ன சிகிச்சை, இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தையை அனுப்பிவைத்த செவிலியருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். குழந்தை இறந்துவிட்டால் அந்தச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே தாமதம் நேர்ந்தது என்று பழி சுமத்தாமல் பேசலாம். சிகிச்சையும் போதனையும் ஆராய்ச்சியும் அந்த ஒரு கடிதத்திலேயே கூடிவிடுகின்றன. அதற்கு அரசாணையும் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. கள்ளக்குறிச்சிக் கல்லூரியின் குழந்தை நலத்துறை இந்த மாதமே அதைத் தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.